மன்னார் - மதவாச்சி வீதி: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வீதிகள் பற்றிய வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கொழும்பு - கண்டி வீதியை வெட்டுவித்தார் என்பதும், தோமஸ் ஸ்கின்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தீவின் காடுகளில் வீதிகளுக்கு அளவை செய்வதிற் கழித்தார் என்பதும் பாடசாலை நூல்களிலேயே இடம்பெறும் செய்திகள். ஆயின் ஒரு வீதி வெட்டப்பட்ட பின்னர் அதன்மீது யார் நடந்தனர், எதற்காக நடந்தனர், நடந்தோர் அனைவரும் சேருமிடம் சேர்ந்தனரா என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. அமைத்தோரின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. நடந்தோரின் பெயர்கள் இல்லை. இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் ஒரு வீதியையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இன்று ஏ-14 என இலக்கமிடப்பட்டுள்ள அவ்வீதி நீளத்தாற் சிறப்புப் பெற்றதன்று. தலைமன்னாரிலே தொடங்கி, பேசாலை வழியாக மன்னார் நகரை அடைந்து, ஆழமற்ற கடலைத் தாம்போதியாற் கடந்து, உயிலங்குளம், முருங்கன், பறயனாலங்குளம், செட்டிகுளம் ஆகிய இடங்களினூடாகச் சென்று, மதவாச்சியில் கண்டி - யாழ்ப்பாண வீதியோடு இணைந்து முடிவடைகிறது. மொத்தத் தூரம் ஏறக்குறைய 114 கிலோமீற்றர். பெரிய நகரம் எதுவும் இதன் வழியில் இல்லை. குளங்கள், வயல்கள், பனைகள், பின்னர் வறண்ட காடு, இவையே இதன் இருமருங்கும். ஆகஸ்ட் மாதத்தில் மடுத் திருப்பதிக்குச் செல்லும் தமிழ், சிங்களக் கத்தோலிக்கர் இதனை நன்கறிவர். ஏனையோருக்கு இது வடமேற்கின் ஒரு மூலையிலுள்ள நாட்டுப்புற வீதி, அவ்வளவே.

ஆயினும், 2023ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபயணம் இவ்வீதி வழியே மதவாச்சிக்கும், அங்கிருந்து மிகிந்தலை, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கும் சென்று ஆகஸ்ட் 12இல் நிறைவெய்தியது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூருமுகமாக நிகழ்ந்தது அது. நடந்து வந்த மூதாதையரின் வழியை மீண்டும் நடந்து காட்டியமை ஒரு சமூகம் தன் வரலாற்றுக்குத் தானே ஆவணமாக நின்ற செயல் எனலாம். எழுத்தில் உள்ள ஆவணம் போதாதவிடத்துத்தான் மக்கள் கால்களால் எழுத முற்படுகின்றனர்.

இவ்வழியின் தொன்மை பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. மாதோட்டத் துறைமுகத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே வணிகரும் யாத்திரிகரும் சென்று வந்தனர் என்பது பாளி நூல்களாலும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் சிறப்பாலும், 1980களின் முற்பகுதியில் மாந்தையில் நடைபெற்ற அகழ்வுகளாலும் தெளிவாகும். அனுராதபுரம் வீழ, துறைமுகம் தூர்ந்தது. வழியைக் காடு மூடியது. பழைய மேன்மையைப் பாடிக்கொண்டிருப்பதில் நம்மவர்க்கு எப்போதும் ஒரு மோகமுண்டு. நம் ஆய்வுக்குரிய காலம் அதற்கு நெடுநாட் பின்னர், கோப்பியின் வருகையோடு தொடங்குகின்றது.

1830களின் இறுதியிலும் 1840களிலும் கண்டி மலைகளிற் காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் விரைவாகப் பெருகின. நிலம் கிடைத்தது, மூலதனமும் கிடைத்தது, கூலிக்கு உழைப்போர் போதவில்லை. தன் வயலையும் சேனையையும் உடைய கண்டி விவசாயி தோட்டத்திற் கூலியாளாக நாளாந்தம் நிற்க விரும்பவில்லை. இதனைச் சோம்பல் என்று துரைமார் எழுதினர். நிலமுள்ளவன் குறைந்த கூலிக்கு அடிமைபோல் உழைக்க மறுப்பது சோம்பலாகாது என்பதை இன்று எவரும் ஒப்புவர். நிலமற்றோரையும், பஞ்சத்தால் நலிந்தோரையும், சாதிக் கொடுமையால் ஒடுக்கப்பட்டோரையும் தேடித் தென்னிந்தியாவின் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளுக்குக் கங்காணிகள் சென்றனர். கண்டிச் சீமை என்றொரு சொல் அங்குள்ள கிராமங்களில் நம்பிக்கையின் பெயராயிற்று.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்குவது மிகக் குறுகிய கடல்வழி. மிகவும் மலிவானதும் அதுவே. கொழும்புவரை கப்பலில் ஏற்றிச் செல்வதாயின் செலவு மிகும். அச்செலவைத் தாங்கத் தோட்டக்காரர் முன்வரவில்லை, அரசும் முன்வரவில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கிற் கடனாக எழுதப்பட்டது. தன்னைத் தானே கால்நடையாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான செலவையும் தொழிலாளியே பின்னர் உழைத்து அடைத்தான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர். இதன் முதற் பாதியே நாம் கூறும் வீதி. உரிய பொருளில் வீதி என்று கூறத்தக்க எதுவும் அங்குத் தொடக்கத்தில் இருக்கவில்லை. காட்டினூடே ஒற்றையடிப் பாதைகளும் வண்டித் தடங்களும் இருந்தன. பிற்காலத்தில் அமைந்த பெருந்தெரு அத்தடங்களை ஓரளவு தழுவிச் செல்கிறதேயன்றி, அடிக்கு அடி அவற்றோடு பொருந்துவதன்று.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கோப்பிப்பழம் பறிக்கும் பருவம் பெரும்பாலும் ஆகஸ்ட் தொடக்கம் ஆண்டிறுதி வரையானது. எனவே ஆட்கள் வந்து சேரவேண்டிய காலம் யூன், யூலை, ஆகஸ்ட் மாதங்கள். வன்னியில் அது கடுங்கோடை. குளங்கள் வற்றி, கிணறுகள் சேறாகி, கச்சான் காற்று மண்ணை வாரி வீசுங் காலம். ஊரில் அரைவயிறு உண்டு நலிந்த உடலோடு, கையிற் சிறிது அரிசியோடு, நாளுக்குச் சில கட்டை தூரம் நடப்பவன் வழியிற் குடித்த நீரே அவனுக்கு நஞ்சாயிற்று. வாந்திபேதியும் அம்மையும் கூட்டங் கூட்டமாகக் கொண்டன. நடக்க இயலாதவனைக் கூட்டத்தார் விட்டுச் செல்ல நேர்ந்தது. திரும்பும் காலமாகிய மார்கழி, தையில் அதே வழி வெள்ளத்துக்கும் மலேரியாவுக்கும் உரியதாயிற்று. கோப்பியின் பருவமும் வரண்ட வலயத்தின் பருவமும் இவ்வாறு முரண்பட்டு அமைந்தமையே இவ்வழியின் மரணங்களுக்கு முதற் காரணம் என்பது என் கருத்து. வழியின் கொடுமையை இயற்கையின்மீது சுமத்தி எழுதியோர் பலர். பருவத்தைத் தேர்ந்தது இயற்கையன்று, சந்தை.

எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் மாண்டனர்? 1844ஆம் ஆண்டில் மட்டும் வந்தோர் தொகை எழுபதாயிரத்தைத் தாண்டியது. அவர்களுட் பெண்கள் நூற்றுக்கு இருவரளவே. இறந்தோர் தொகை பற்றி 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை வெளியிட்ட மதிப்பீடு பலராலும் எடுத்தாளப்படுவது. 1841 முதல் வந்தோருள் நான்கிலொரு பங்கினராகிய எழுபதாயிரம் பேர் மாண்டனர் என்பது அதன் கூற்று. இத்தொகையை அப்படியே ஏற்றல் தகாது. வந்தோர் எண்ணப்பட்டனர், திரும்பியோர் அனைவரும் எண்ணப்படவில்லை, பதியப்படாது திரும்பியவனையும் வழியில் இறந்தவனையும் கணக்கு ஒன்றாகவே காட்டும். எனவே தொகை மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் இவ்வையம் அரசுக்கும் தோட்டக்காரருக்கும் சாதகமான சான்று ஆகாது. ஒரு மூடை கோப்பி துறைமுகத்தை அடையும்வரை அதன் நிறையும் தரமும் விலையும் பதியப்பட்டன. அதனைப் பறித்தவன் உயிரோடு உள்ளானா என்பதைப் பதியும் ஏடு இருக்கவில்லை. எண்ணிக்கை தெரியாமையும் வரலாற்றுச் செய்தியே.

1847இல் இந்திய அரசு இலங்கைக்கான தொழிலாளர் குடிபெயர்வைச் சட்டபூர்வமாக அனுமதித்தது. அடுத்த ஆண்டு தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் வீதிக் கட்டளைச்சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். தோட்டங்களுக்குப் பயன்படும் வீதிகளுக்காகக் கண்டிக் கிராமத்தவர் ஏன் உழைக்கவேண்டும் என்ற வெறுப்பு 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. அக்கிளர்ச்சி மூண்ட முக்கிய இடங்களுள் ஒன்று மாத்தளை. மன்னாரிலிருந்து நடந்து வந்தோர் இறுதியாக வந்தடைந்த ஊரும் அதுவே. ஒரே பொருளாதார ஏற்பாடு ஒருவனது நிலத்தையும் உழைப்பு நாளையும் பறித்தது. மற்றவனை வன்னியிற் பிணமாக்கியது. எனினும், பின்வந்த அரசியலில் இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் எதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர்.

1858இல், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், குடிவருந் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு கட்டளைச்சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்டது. வழியிலே தங்குமடங்கள், கிணறுகள், பின்னர் சிறு வைத்தியசாலைகள் என்பன எழுந்தன. வீதியும் செப்பனிடப்பட்டது. இவற்றை மனிதாபிமானத்தின் விளைவென்று முற்றாக மறுத்தல் நியாயமாகாது. வார்ட் இவ்விடயத்தில் உண்மையான அக்கறை காட்டியவர். ஆயினும் வாந்திபேதி தோட்டப்பகுதிகளுக்கும் நகரங்களுக்கும் பரவுமென்ற அச்சமும், ஆட்கள் வராது போவரென்ற கவலையும் இம்முயற்சிகளை உந்தின என்பதை மறைத்தலும் ஆகாது. வழியோரக் கிராமங்களின் நிலையையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். முன்பின் அறியாத கூட்டங்கள் தம் குளத்தில் இறங்கி நீரள்ளிச் சென்றபின் ஊரில் நோய் கண்டால், அவ்வூரார் யாரைப் பழிப்பர்? தண்ணீர் மறுத்த வன்னிக் கிராமத்தவன் கல்நெஞ்சன் என்று எளிதிற் கூறிவிடலாம். அவனும் வைத்தியனையோ மருந்தையோ கண்டவனல்லன்.

வழியின் முடிவில் மாத்தளை. இன்று அங்குப் புகழோடு விளங்கும் முத்துமாரியம்மன் ஆலயம், நடந்து வந்தோர் இளைப்பாறி வழிபட்ட மரத்தடியிலே தோன்றியதென்பது அவ்வூர் ஐதிகம். நோய்த் தெய்வமாகிய மாரியைத் தேர்ந்து வழிபட்டமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி, இவ்வீதி வரலாற்றின் மையம் என நான் கருதுவதைக் கூறுதல் வேண்டும். கோப்பிக்காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவகாலத்தில் வந்து திரும்பியோர். ஆண்கள் தனியே வந்தனர். பறிப்பு முடிய, மிச்சம் பிடித்த காசோடு இதே வழியால் ஊர் சென்றனர். எனவே அவர்களை வழிப்போக்கர் என்று கருதுவதற்கு அக்காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்குப் பருவகாலத் தொழிலாளி போதான். குடும்பத்தோடு லயத்திற் குடியிருப்பவனே வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். தேயிலை தொழிலாளியை நிலத்தோடு பிணைத்தது. ஏறக்குறைய இதே காலத்தில், இந்தியாவிற் பரவிய பிளேக் நோய்க்கு அஞ்சி, 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இவ்வடபாதை தொழிலாளர் வரவுக்கு மூடப்பட்டது. தூத்துக்குடி - கொழும்பு வழியே ஆட்கள் வரலாயினர். 1914இல் பாம்பன் பாலமும், மதவாச்சி - தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும், தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவையும் ஒருங்கே தொடங்கிய பின்னர் தொழிலாளர் மீண்டும் மன்னார் வழியே வந்தனர். ஆனால் மண்டபம் முகாமில் மருந்தடிக்கப்பட்டு, புகையிரதத்தில் அடைக்கப்பட்டு வந்தனர். நடைவழி வெறுமையாயிற்று.

வழி மூடியபின்னும், வழிப்போக்கர் என்ற எண்ணம் மட்டும் மூடப்படவில்லை. 1931ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்தின் கீழ் வாக்குரிமை வழங்கப்பட்டபோது இம்மக்கள் தம் நிரந்தர வசிப்பை நிரூபிக்க வேண்டியோராயினர். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வையே தடைசெய்தது. அதன்பின் புதிதாக ஆள் சேர்ப்பு இல்லை. எனினும், ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையிற் பிறந்தவனாயினும், அவனுடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். பிறந்தனர் என்றால் மட்டும் போதாது. அதனை எழுத்தில் நாட்டுதல் வேண்டும். எந்த அரசு அவர்களுடைய மூதாதையரின் இறப்பைக்கூடப் பதியாது விட்டதோ, அதன் வாரிசாகிய அரசு அவர்களுடைய பிறப்பின் பதிவைக் கேட்டது. மன்னார் வழியில் எழுதப்படாத ஏடு நூறாண்டுகளின் பின் கொழும்பிலே குற்றமாக மாறியது.

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். பிரஜாவுரிமை பறிப்புக்குக் காரணம் தோட்டப்பகுதிகளின் வாக்குப்பலமும், தொழிலாளர் இடதுசாரிகளோடு சேர்வரென்ற அச்சமுமே. ஒரு நாட்டுப்புற வீதிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காரணம் அரசியலே என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அரசியல் நோக்கம் மட்டும் சட்டமாகிவிடுவதில்லை. அதனை நியாயமெனக் காட்ட ஒரு மொழி வேண்டும். 'இன்று வந்து நாளை போவோர்' என்னும் அம்மொழி கோப்பிக்கால வீதியிலிருந்து பெறப்பட்டது. தேயிலைக்காலத்து மனிதனுக்குக் கோப்பிக்காலச் சட்டையை அணிவித்து, அவன் அந்நியனாகத் தோற்றுகிறான் என்று கூறினர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் நிகழ்ந்து இரு மாதமும் முடியுமுன், அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடியது. தாயகம் திரும்புவோர் என்று அரச ஏடுகள் குறித்த மக்கள், தாம் முன்பு கண்டிராத தாயகத்துக்கு அதிலேதான் சென்றனர். வீதியை ஒட்டிச் செல்லும் புகையிரதப் பாதையில் அவர்களைச் சுமந்து வந்த வண்டியை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். வரும்போது வழியில் மாண்டவருக்கு ஒப்பாரி வைக்கப் பெண்கள் இல்லை. போகும்போது உயிரோடிருந்தவர்களுக்கு அது வைக்கப்பட்டது. இவ்விரு உடன்பாடுகளின் கீழும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். 1984இல் இனமோதல் காரணமாகக் கப்பல் நின்றது. 2003இல் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குப் பெருமளவு முடிவு கண்டது.

ஆயின் வந்தோரும் சென்றோரும் மட்டுமே இவ்வீதிக்குரியோர் அல்லர், தங்கியோரும் உளர். 1958, 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல வவுனியா மாவட்டம் உள்ளிட்ட வன்னிப் பகுதிகளிற் குடியேறின. மூதாதையர் நீரின்றி விழுந்த காட்டைப் பேரர்கள் வெட்டி, கிணறு தோண்டி, உழுந்தும் நிலக்கடலையும் விளைவித்தனர். பெருந்தோட்டத்தை மட்டுமே மலையகத் தமிழரின் களமாகக் காணும் நம் ஆய்வுகள் இவர்களைப் பெரும்பாலும் தவறவிடுகின்றன. யாழ்ப்பாணத்தவர் சிலர் இவர்களைக் கூலிக்காரர் என்றும் எல்லைக் காவலர் என்றும் மட்டுமே மதித்தமையும் நாம் பேச விரும்பாத ஒரு செய்தி.

1990இல் போர் மூண்டபோது மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பெரும்பாலும் கடல்வழியே புத்தளப் பகுதிக்குச் சென்றனர். வீதி பல்லாண்டுகள் காவலரண்களின் வீதியாயிற்று. புதிய பாலம் 2010இலும், தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 2015இலும் மீண்டும் திறக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் முன்னர், 2009இல் போர் முடிவுற்ற மாதங்களில், செட்டிகுளத்தை அண்டிய மெனிக் பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வன்னி மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. இம்முறை அதிகாரிகள் அவர்களை எண்ணினர். பெயர், வயது, பிறந்த இடம் யாவும் பதியப்பட்டன. அம்முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.